பொறி பறக்காத மெஷின்

எங்கள் பட்டறைக்குத் தகடு வெட்டும் புது மெஷின் வரப்போகிறது என்ற செய்தியை ஊருக்குள் பரப்பியது நான்தான். அப்போது ஆறாம் வகுப்பில் இருந்தேன். வாங்குவதா வேண்டாமா என்று அப்பா யோசித்துக்கொண்டிருந்தபோதே, நான் அதை வாங்கி, இறக்கி, ஓட்டியும் பார்த்துவிட்டேன். வகுப்பில் என் பெஞ்சில் உட்காரும் நான்கு பேருக்கும், சனிக்கிழமை எங்கள் பட்டறைக்கு வந்தால் பட்டப்பகலில் தீபாவளி காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். இத்தனைக்கும் ஆதாரம், மாமா அப்பாவின் போனுக்கு அனுப்பிய ஒரு வீடியோ. அதில் ஒருவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு காரின் கதவை அறுப்பார். ஆள் உயரத்துக்குப் பொறி பறக்கும். அதை நான் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். அறுபட்ட கதவு எப்படி இருந்தது என்று ஒருதடவைகூடப் பார்க்கவில்லை.

கோத்தகிரியிலிருந்து கீழ் கோத்தகிரிக்கு இறங்கும் சாலையில், தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்றில் அப்பா டிங்கரிங் பட்டறை வைத்திருந்தார். பின்பக்கம் ஒட்டினாற்போல எங்கள் வீடு. மலையில் வண்டிகளுக்கு வயதாகிச் சாவு வருவதில்லை, துருப்பிடித்துத்தான் வருகிறது. வருஷத்தில் பாதி நாள் மழை, மீதியில் பாதி பனிமூட்டம். தேயிலைத் தொழிற்சாலைக்கு இலை ஏற்றும் வண்டிகளின் பாடு இன்னும் மோசம். பறித்த இலை ஈரத்தோடு சாக்கில் ஏறும், சாக்கு வழியெல்லாம் சொட்டும், அது வண்டியின் அடியில் போய்த் தேங்கும். நான்கைந்து வருஷத்தில் டிரைவர் தன் காலுக்குக் கீழேயே தார் ரோட்டைப் பார்க்கலாம். அப்படித் துரு தின்ற தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்வதுதான் அப்பாவின் முக்கால்வாசி வேலை.

வெல்டிங்கில் அப்பாவைக் குறை சொல்ல ஆள் கிடையாது. நசுங்கிய பானெட்டைத் தட்டி நிமிர்த்துவதிலும் அப்படித்தான். வெட்டுவது மட்டும் அவருக்கு வராது. உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு, போட்ட கோட்டின் மேல் சரியாகத்தான் கிளம்புவார். கால்வாசி தூரம் போனதும் கோடு ஒரு பக்கம் போகும், உளி ஒரு பக்கம் போகும். வெட்டி முடித்த ஓரத்தைப் பார்த்தால் எங்கள் ஊர் மலைப்பாதை மாதிரி இருக்கும்.

அந்த வளைவுகளுக்கெல்லாம் பொருந்துகிற மாதிரி புதுத் தகட்டைக் கத்தரித்துக் கொடுத்தது அம்மா. அம்மா கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் எஸ்டேட்டில் வேலை செய்தவள். கையால் கிள்ளுவது குறைந்து, பை மாட்டிய பெரிய கத்தரியால் தேயிலைச் செடியின் தலையைச் சமமாக வெட்டி எடுக்கும் வழக்கம் வந்தபோது அந்தக் கத்தரியைப் பிடித்தாள். வருஷக்கணக்காகப் பிடித்ததில் மணிக்கட்டு வீங்கியது, விரல்கள் மரத்துப்போயின, வேலையை விட்டாள். விட்டவள் சும்மா இருந்தாளா என்றால் இல்லை. எஸ்டேட் கத்தரியை வைத்துவிட்டுத் தகரக் கத்தரியை எடுத்துக்கொண்டாள். துணி துவைக்கும் கல் பக்கத்தில் உட்கார்ந்து தகடு வெட்டுவாள். வெட்டி முடித்த பிறகு வெந்நீரில் உப்பைப் போட்டுக் கையை முக்கிக்கொண்டு வெகுநேரம் இருப்பாள். பட்டறைக்கு வருகிறவர்களுக்கு இது எதுவும் தெரியாது. தெரியாதவரைக்கும் நல்லது என்பது என் கட்சி. மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் தையல் மெஷின் மிதித்தார்கள், கடையில் உட்கார்ந்தார்கள், இலை பறித்தார்கள். என் அம்மா மட்டும் வண்டிக்குத் தகடு வெட்டினாள் என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

ஆடி மழை ஓய்ந்த சமயம், பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வண்டிகளைக் கவனித்துக்கொள்ளும் சூப்பர்வைசர் எங்கள் பட்டறைக்கு வந்தார். அவர்களிடம் ஆறு இலை வண்டிகள் இருந்தன. ஆறுக்கும் அடித்தகடு போய்விட்டது. முதலில் ஒன்றை விடுகிறேன், திங்கட்கிழமை காலையில் எடுத்துக்கொள்வேன், செவ்வாய்க்கிழமை அதை ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி.க்குக் காட்ட வேண்டும், வேலை பிடித்திருந்தால் மற்ற ஐந்தும் இங்கேதான் வரும், பிடிக்காவிட்டால் மேட்டுப்பாளையத்தில் ஆள் இருக்கிறது என்று பிசிறில்லாமல் சொல்லிவிட்டுப் போனார். ஆறு வண்டி என்றால் எங்களுக்கு அடுத்த மழைவரைக்கும் கவலையில்லை. வராவிட்டால் அப்பா கோயமுத்தூருக்குப் போவது என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அம்மாவின் அண்ணன், அதாவது வீடியோ அனுப்பிய மாமா, அங்கே பஸ்ஸுக்கு பாடி கட்டும் ஒரு கம்பெனியில் ஃபோர்மேன். அப்பாவுக்கு அவர் ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார். அப்பா அங்கேயே தங்கிக்கொள்வார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பா இருக்கிற வீடு எனக்கு வேண்டாம்.

ஆகவே மெஷின் வாங்கியாக வேண்டும், அது பொறி பறக்கும் மெஷினாகவும் இருக்க வேண்டும். என் அறிவுக்கு எட்டியவரை, பொறி பறந்தால் வேலை நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

வியாழக்கிழமை முதல் வண்டி வந்து நின்றது. வெள்ளிக்கிழமை அப்பா மெஷின் வாங்கக் கோயமுத்தூர் கிளம்பினார். கிளம்பும்போது அம்மாவையும் வரச் சொன்னார். "நான் எதுக்குங்க?" என்றாள் அம்மா. "வா, பாக்கலாம்" என்றார் அப்பா. அவ்வளவுதான் பேச்சு. வீட்டில் தனியாக விட முடியாது என்பதால் எனக்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு கிடைத்தது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தும் மூன்றாவது வளைவில் வாந்தி எடுத்தேன். மேட்டுப்பாளையத்தில் ஸ்வெட்டரைக் கழற்றி அம்மாவின் பையில் திணித்தேன். இரண்டையும் செய்யாமல் நாங்கள் யாரும் கீழ்நாட்டுக்குள் நுழைந்ததில்லை.

மெஷின் கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில் மாமா எங்களுக்காகக் காத்திருந்தார். எங்கள் மூன்று பேரையும் பார்த்ததும் சிரித்தார். "ஏனுங்க மாப்ள, சீலக்கடைக்கு வர்றாப்ல குடும்பத்தோட வந்திருக்கீங்க?" என்றார். அப்பாவும் சிரித்தார். எனக்குத்தான் சுருக்கென்றது.

கடைக்காரர் தகடு எத்தனை கேஜ் கனம், என்ன வண்டி என்று கேட்டுவிட்டு மூன்று மெஷின்களை மேஜைமேல் வைத்தார். கடைக்குப் பின்னால் பழைய கார் பானெட் ஒன்றை இரண்டு டிரம்களின் மேல் போட்டு வைத்திருந்தார்கள், வாங்க வருகிறவர்கள் வெட்டிப் பார்ப்பதற்காக. முதலாவது கிரைண்டர். வட்டக் கல் சுழன்று தகட்டில் பட்டதுதான் தாமதம், வீடியோவில் பார்த்த அத்தனை பொறியும் என் கண் முன்னால் பறந்தது. எனக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. மாமா கையைக் கட்டிக்கொண்டு, தானே அதைக் கண்டுபிடித்தவர் போல நின்றார்.

அப்பா வெட்டிய ஓரத்தை மட்டும் பார்த்தார். ஓரம் நீலம் பாரித்திருந்தது. அதை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. நகத்தால் கீறினார், உரிந்து வந்தது. "நம்மூரு ஈரத்துக்கு, பெயிண்ட் போன எடத்துலதானுங்க மச்சான் மறுபடியும் துரு ஏறும்" என்றார்.

"அதுக்கு மேல பெயிண்ட் அடிச்சாப் போச்சு" என்றார் மாமா.

அப்பா மெஷினை வாங்கி அம்மாவிடம் நீட்டினார். "நீ புடிச்சுப் பாரு." கடைக்காரர் ஒரு கணம் விழித்தார். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாங்கி, ஒரு சாண் நீளம் அறுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "கனம் பரவால்லீங்க. ஆனா புடுங்கீட்டுப் போகுது" என்றாள்.

இரண்டாவது மெஷின் பெயர் நிப்ளர். தகட்டைத் துளித்துளியாகக் கடித்துக்கொண்டே போகும். கடித்த துண்டுகள் வெட்டிப்போட்ட நகங்களைப் போலக் கீழே கொட்டின. அதையும் அம்மா பிடித்துப் பார்த்தாள். "நடுங்குதுங்க. ஒரு மணி நேரம் புடிச்சா வெரலு மரத்துப் போயிரும்" என்றாள். யாருடைய விரலைச் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவின் கையில் கிரீஸ் இருந்தால் எதையும் அம்மாதான் பிடிப்பாள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

மூன்றாவது, கத்தரி மெஷின். கழுத்து ஒல்லியாக, பிடி சின்னதாக, பார்த்தால் பொம்மை மாதிரி இருந்தது. போட்டால் சத்தமும் பெரிதாக இல்லை, ஒரு முனகல். பொறி ஒன்றுகூட இல்லை. மூக்கு நுனியில் இருக்கும் சின்ன வெட்டு நாக்கு மேலும் கீழும் போய், தகட்டிலிருந்து ஒரு மெல்லிய பட்டையைச் சுருள் சுருளாக உரித்துக் கொடுத்தது. அப்பா வழக்கம்போல அம்மாவிடம் நீட்டினார். அம்மா பானெட்டின் அந்தக் கோடியை ஒருதரம் பார்த்தாள். கோடு போடவில்லை, அளக்கவில்லை. இந்த ஓரத்தில் வைத்து, அந்த ஓரத்தில் எடுத்தாள். கடைக்காரர் ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்து வந்து வெட்டின்மேல் வைத்தார். ஸ்கேலுக்கும் வெட்டுக்கும் நடுவில் காகிதம் நுழைய இடமில்லை.

"ஏனுங்கக்கா, தையல் வேலைங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. தேயில" என்றாள் அம்மா.

மாமாவுக்கு மனசு ஆறவில்லை. தகட்டில் மடிப்பு வந்தால் இது திணறும், வெட்ட ஆரம்பிக்கவே ட்ரில் வைத்து ஓட்டை போட வேண்டும், ஆயிரம் நொட்டை என்றார். எல்லாம் உண்மைதான், மடிப்புகளுக்கு உளி இருக்கிறது என்றார் அப்பா. கடைசியில் மாமா தலையில் அடித்துக்கொண்டு, "மாப்ள, இது பொம்பளைங்க புடிக்கற மெஷினு" என்றார்.

"ஆமாங்க மச்சான். அதுக்குத்தான்" என்றார் அப்பா.

மாமா இதை நல்ல தமாஷாக எடுத்துக்கொண்டு கடையே அதிரச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தப் பெட்டியை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னபோதும் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மெஷின் அம்மாவின் மடியில் வந்தது. மாமாவுக்கு என் முகம் வாடியது பொறுக்கவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது ஜன்னல் வழியாக, "விடு அம்மிணி, நாளைக்கு மாமன் என்னோட கிரைண்டரக் கொண்டுவந்து அந்த வண்டிய நானே அறுத்துத் தர்றேன்" என்றார். போன உயிர் திரும்பி வந்தது.

சொன்னபடி சனிக்கிழமை மதியத்துக்கு முன்பே வந்துவிட்டார். அப்பா புதுத் தகடு எடுக்கக் கோத்தகிரிக்குப் போயிருந்தார். அம்மா அண்ணன் வந்த சந்தோஷத்தில் கறிக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு என் பெஞ்சுக்காரிகள் நான்கு பேரும் குடையோடு வந்து சேர்ந்தார்கள். பட்டறை வாசலில் கிடந்த பழைய பஸ் சீட்டில் அவர்களை வரிசையாக உட்கார வைத்தேன். மணி மூன்றாயிற்று, அப்பா வரவில்லை. மாப்பிள்ளை வந்துவிடட்டும் என்றார் மாமா. அம்மாவும் உள்ளேயிருந்து அதையே சொன்னாள். நான்கு மணி மினிபஸ்ஸை விட்டால் இவர்களுக்கு அடுத்த பஸ் இருட்டித்தான். நான் மாமாவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு ஓரத்தை மட்டும் வெட்டிக் காட்டுங்கள், கொஞ்சம்தான், அப்பா வந்தால் சந்தோஷப்படுவார் என்று என்னென்னவோ சொன்னேன். நான்கு பார்வையாளர்கள் வேறு கண்ணை அகல வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எந்த ஃபோர்மேன்தான் தாங்குவார்?

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்து டிரைவர்கள் மழைக்கு முன்பு ஒரு காரியம் செய்வார்கள். பழைய இன்ஜின் ஆயிலில் சாக்கை ஊறவைத்து, வண்டிக்குள்ளே ரப்பர் மேட்டுக்கு அடியில் விரித்துவிடுவார்கள். அடித்தகட்டுக்கு ஈரம் ஏறாது என்பது நம்பிக்கை. கொஞ்சம் உண்மையும்கூட. டிரைவர் பக்கத்து மேட்டையும் சாக்கையும் அப்பா வண்டி வந்த அன்றே எடுத்துப் போட்டிருந்தார். மறுபக்கம் அப்படியே இருந்தது. மலையில் இருக்கும் எவரும் கேபினுக்குள் பொறியைக் கொண்டுபோவதற்கு முன் மேட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள். மாமாவின் கம்பெனியில் பஸ்கள் புதுத் தகட்டில் பிறக்கின்றன. அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகமெல்லாம் பொறியின் மேல்தான் இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, அருமையான பொறி. கேபினுக்குள்ளிருந்து வாசல்வரை வந்து விழுந்தது. நான்கு பேரும் கைதட்டினார்கள். நான் வீட்டுக்கு வந்தவர்களுக்குப் பலகாரம் பரிமாறியவள் போல அடக்கமாக நின்றேன். பிறகு மறுபக்க மேட்டின் ஓரத்திலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது. அதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று அவர்கள் கைதட்டினார்கள். அதன் பிறகு சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு நாக்கு நீளத்துக்குத் தீ எட்டிப் பார்த்தது.

அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். "அண்ணா, சுச்ச அமுத்துங்க" என்று சொல்லிக்கொண்டே கரண்டியைப் போட்டுவிட்டு, வெறும் கையால் சாக்கின் எரியாத முனையைப் பிடித்து இழுத்து, வெளியே ஈரப்புல்லில் எறிந்தாள். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்த டிரம்மிலிருந்து இரண்டு வாளி சீட்டின் மேல் ஊற்றினாள். மூன்று நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. சீட்டின் ஒரு மூலை உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. முன்கண்ணாடியின் உள்பக்கம், கீழே ஒரு சாண் உயரத்துக்குப் பொறி பட்டுப் பொடிப்பொடியாகப் புள்ளி விழுந்திருந்தது. மாமா துண்டால் துடைத்தார், எண்ணெய் போட்டுத் துடைத்தார், போகவில்லை. பஸ் சீட்டிலிருந்து ஒருத்தி எழுந்து, "அவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

அப்பா தகட்டோடு வந்து இறங்கியபோது மாமா கவிழ்த்துப் போட்ட டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தார். அப்பா வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பிறகு நேராக அம்மாவிடம் போய், "கை சுட்டுருச்சா?" என்று கேட்டு, அவள் கையைப் புரட்டிப் பார்த்தார். சுடவில்லை. "அப்பறம் என்ன" என்றார்.

"கண்ணாடி என்னோட பொறுப்புங்க மாப்ள" என்றார் மாமா.

அப்பா எங்கள் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தொழிற்சாலை வண்டியை எரித்துவிட்டோம், ஐந்து வண்டியும் போய்விட்டது, அப்பாவும் போய்விட்டார் என்று நான் போர்வைக்குள் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அப்பா வண்டிக்குள் மீதியிருந்த சீட்டு, மேட் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டார். ஓரத்தில் ட்ரில் வைத்து ஓட்டை போட்டார். பிறகு ஒதுங்கி நின்றார். அம்மா மண்டி போட்டு உட்கார்ந்து அந்தப் பொம்மை மெஷினைக் கையில் எடுத்தாள்.

எனக்குப் பகீரென்றது. ஞாயிற்றுக்கிழமை என்றால் சந்தைக்குப் போகிறவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள் எல்லோரும் எங்கள் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். ஓடிப்போய்ப் பட்டறையின் முன்னால் தொங்கும் தார்ப்பாயை இறக்கிவிட்டேன். "கண்ணு, வெளிச்சம் வேணும், தூக்கு" என்றாள் அம்மா. ஒரு முழம் தூக்கினேன். அவள் குனிந்ததும் அரை முழம் இறக்கினேன். இப்படி மூன்று தடவை நடந்த பிறகு மாமா எழுந்து வந்து, தார்ப்பாயைச் சுருட்டி மேலே கட்டிவிட்டார். கட்டிவிட்டு அம்மாவுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார். இருபது வருஷமாகத் தகடு வெட்டுகிறவர்களை மேய்க்கிற மனிதர். "கை ஆடவே மாட்டேங்குதே" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

துருவின் ஓரத்தோடு வெட்டினால் போதும் என்று அப்பா கோடு போட்டிருந்தார். அம்மா பாதியில் நிறுத்தினாள். "ஏனுங்க, இன்னும் ரண்டு இஞ்ச் தள்ளி வெட்டட்டுங்களா? தேயிலச் செடிக் கவாத்துல நோவு புடிச்ச கெளைய நல்ல கட்ட தெரியற வரைக்கும் எறக்கி வெட்டறமல்லங்க, அப்படி. இதுல விட்டா அடுத்த மழைக்கே மறுபடியும் வந்துரும்" என்றாள். அப்பா கோட்டை அழித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் கோடு போடவே இல்லை. அம்மா வெட்டிக்கொண்டே போனாள், பட்டை சுருண்டு சுருண்டு விழுந்தது, அப்பா பின்னாலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்துகொண்டே போனார். மடிப்பு வந்த இரண்டு இடத்தில் மட்டும் மெஷின் திணறியது. அங்கே மாமா உளியை எடுத்தார். சாயங்காலம் அம்மா கருகிய சீட்டு மூலைக்கு ஒட்டுப் போட்டுத் தைத்தாள். ஐந்து மணிக்கு மாமா பஸ் ஏறினார். என் தலையைத் தடவிவிட்டு, கிரைண்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலை நான் யூனிஃபார்ம் போட்டுப் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது சூப்பர்வைசர் டிரைவரோடு வந்து இறங்கினார். அப்பா அவரிடம் முதலில் சொன்னது தீயைப் பற்றித்தான். மச்சான் வெட்டும்போது பொறி பட்டுவிட்டது, கண்ணாடியை இந்த வாரத்துக்குள் மாற்றித் தந்துவிடுகிறேன் என்றார். சூப்பர்வைசர் கண்ணாடியைப் பார்த்தார், சீட்டின் தையலைப் பார்த்தார். அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. பிறகு மேட்டைத் தூக்கிவிட்டுக் குனிந்து, ஒட்டுப்போட்ட ஓரத்தில் கட்டைவிரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரைக்கும் மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். இரண்டு தகட்டுக்கும் நடுவிலிருந்த சந்து முழுக்க ஒரே அளவாக இருந்ததால் அப்பாவின் வெல்டிங்கும் நூல் பிடித்த மாதிரி ஓடியிருந்தது. விரல் எங்கும் நிற்கவில்லை.

"இதாரு வெட்டுனது?" என்று கேட்டார்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எங்கப்பாதாங்க சார்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரிடம், "இல்லீங்க. புள்ளைக்கு வெவரம் தெரியாது. நான் வெல்டிங் வெச்சதோட சரிங்க. வெட்டுனது பூராவும் என்ற சம்சாரமுங்க. மெஷினே அவ கைக்குப் பாத்து வாங்குனதுதானுங்க" என்றார்.

ஐந்து இலை வண்டிகளும் வரிசையாகத் திரும்பி மேட்டுப்பாளையத்தை நோக்கி இறங்குவது என் கண்ணுக்குத் தெரிந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று அப்பாமேல் எனக்குக் கோபம் பொங்கியது. சரியாக அதே நேரத்தில் அம்மா டீ டம்ளர்களோடு வாசலுக்கு வந்து நின்றாள். சூப்பர்வைசர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

"எங்கம்மா பழகுனீங்க?"

"எஸ்டேட்டுல எலை வெட்டுனனுங்க."

"அதானே" என்றார். டீயை வாங்கி, நின்றபடியே கடைசிவரை குடித்தார். டம்ளரை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்பாவைப் பார்த்து, "மத்த அஞ்சு வண்டியும் ஒண்ணொண்ணா அனுப்பறேன். கண்ணாடிய மட்டும் மாத்திருங்க. இன்னொண்ணு, வெட்டறது அம்மாவே வெட்டட்டும்" என்றார். டிரைவர் சிரித்தார். வண்டி கிளம்பிப் போய்விட்டது.

அப்பா கோயமுத்தூர் போகமாட்டார் என்பது புரிந்து எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அந்தக் கடைசி வார்த்தையும் டிரைவரின் சிரிப்பும் முள்ளாகக் குத்தின. அம்மாவைக் கூப்பிட்டு வைத்துக் கேலி செய்துவிட்டுப் போகிறாரே என்று நினைத்தேன். அம்மா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனவள் திரும்பி வரவில்லை. "போய்ப் பாரு" என்றார் அப்பா.

குழாயைத் திறந்துவிட்டு, கழுவி முடித்த டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வந்த அவமானம்தான் அவளுக்கும் வந்திருக்கிறது என்று எனக்கு நொடியில் விளங்கிவிட்டது. பாவமாக இருந்தது. கிட்டப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"விடும்மா. அவரு சும்மா கிண்டலுக்குச் சொல்லீட்டுப் போறாரு. இனிமே ஆராச்சும் கேட்டா, அப்பாதான் வெட்டுனாருன்னு நானே சொல்லிக்கறேன்" என்றேன்.

அழுத கண்ணோடு அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஈரக் கையை என் கன்னத்தில் வைத்து, "சரி கண்ணு" என்றாள். பஸ் ஹாரன் அடித்தது. அம்மாவைத் தேற்றிவிட்ட பெருமையோடு பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.